என்செலடஸ் கடலில் உயிர் பிழைக்குமா? தரவை வைத்துச் சோதிக்கும் முறை

பனி மூடிய நிலாக்களில் சோதித்துப் பழக ஏற்றது சனியின் என்செலடஸ். குறுக்களவு வெறும் 504 கி.மீ. ஆனால் தென்துருவத்துப் பிளவுகள் வழியே தன் கடல்நீரைத் தானே விண்வெளிக்குப் பீய்ச்சுகிறது. காசினி விண்கலம் 2005-ல் இதைக் கண்டது, பிறகு பலமுறை அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து போனது. அந்தத் தரவு நாசாவின் களஞ்சியத்தில் யாரும் எடுக்கும்படி இருக்கிறது.

முதலில் கடலின் பரப்பைப் பாருங்கள். படங்களில் மேற்பரப்புப் பள்ளங்களின் இடத்தை வருடக்கணக்கில் அளந்தபோது, நிலா 0.12 பாகை தள்ளாடுவது தெரிந்தது. நடுக்கோட்டில் இது அரை கி.மீ. அளவு. மேலே உள்ள பனி ஓடும் உள்ளே இருக்கும் பாறையும் ஒட்டியிருந்தால் இவ்வளவு ஆடாது. ஆகவே கடல் ஒரு மூலையில் தேங்கிய குட்டை அல்ல, நிலா முழுக்கச் சூழ்ந்தது.

அடுத்து, நீர் பாறையைத் தொடுகிறதா? இதற்கு உப்பைத் தேடுங்கள்; பாறையைத் தொடும் நீரில்தான் அது கரைந்து சேரும். ஆவி உறைந்த பனித்துகளில் உப்பு இராது. கடல்நீர் தெறித்து உறைந்ததில் இருக்கும். இங்கே 0.5 முதல் 2 சதவீதம். கூடவே நானோமீட்டர் கணக்கிலான சிலிக்கா (மணலில் உள்ள பொருள்) துகள்களும் கிடைத்தன. அவை உருவாக அடியில் சுமார் 90 பாகை செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். வெந்நீர் ஊற்றுகள் இருப்பதற்கு இதுதான் வலுவான தடயம்.

இனி உணவு. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் இருந்தால் மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்களுக்குப் போதும். ஆனால் பலர் சறுக்குவது இங்கேதான். காசினியின் நிறைமானிக்குள் (மூலக்கூறுகளை அவற்றின் நிறையால் இனம்பிரிக்கும் கருவி) டைட்டானியம் என்ற உலோகத்தாலான அறை ஒன்று உண்டு. 2008-ல் நொடிக்கு 17.7 கி.மீ. வேகத்தில் போனபோது பனித்துகள்கள் அதன் சுவரைச் சுரண்டின. புதிதாய் வெளிப்பட்ட டைட்டானியம் நீரோடு வினைபுரிந்து தானே ஹைட்ரஜனை உண்டாக்கியது. எனவே பழைய ஹைட்ரஜன் அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். 2015 அக்டோபர் 28-ல் வேகத்தை 8.5 கி.மீ.க்குக் குறைத்து, மூலக்கூறுகள் சுவரைத் தொடாத திறந்த முறையில் அளந்தார்கள். பீச்சலில் கிடைத்த ஹைட்ரஜன் 0.4 முதல் 1.4 சதவீதம். அதையே நம்புங்கள்.

இன்னொரு பொறி, நிறைமானி காட்டும் மூலக்கூறு நிறைகளில் 28. நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் மூன்றும் அந்த ஒரே கோட்டில் விழும். கோடு தெரிந்தவுடன் பெயர் சூட்டாமல், உடைந்த துண்டுகள் மற்ற நிறைகளில் எப்படி விழுகின்றன என்று ஒப்பிடுங்கள்.

உயிருக்குத் தேவையான பாஸ்பரஸ் அங்கே இருக்குமா என்ற கவலை 2023-ல் நீங்கியது: பனித்துகள்களில் பாஸ்பேட் கிடைத்தது, கடலில் அதன் செறிவு நம் கடல்களைப்போல் 100 மடங்காவது இருக்கும் என்பது கணிப்பு.

இவ்வளவும் சேர்ந்தாலும் "வாழ முடியும்" என்றுதான் எழுதலாம், "வாழ்கிறது" என்றல்ல. மீத்தேனைப் பாறையும் உண்டாக்கும். மிஞ்சிய ஹைட்ரஜனோ இரு பக்கமும் பேசும்: பந்தியில் சோறு மிஞ்சினால், உண்ண ஆளில்லை என்றும் கொள்ளலாம், ஆக்குகிறவர் கை ஓயவில்லை என்றும் கொள்ளலாம்.

அடுத்த கட்டத்துக்குக் காசினி தரவு போதாது. அந்த நிறைமானியின் எல்லை நிறை 99. இனிப் போகும் கருவி அதைத் தாண்டி அளக்க வேண்டும், பெரிய மூலக்கூறுகள் மோதலில் சிதறாத வேகத்தில் போக வேண்டும். புரதங்களின் கட்டுமானக் கல்லான அமினோ அமிலங்கள் கிடைத்தால் அவற்றின் விகிதத்தைப் பாருங்கள். அவற்றில் மிக எளிய கிளைசின் மட்டும் மிகுந்து, சிக்கலானவை சரசரவெனக் குறைந்தால் அது வெறும் வேதியியல். சிக்கலானவையும் தாராளமாக இருந்தால்தான் மேற்கொண்டு ஆராய வேண்டும்.