உடைந்த வொர்க்கிங் காப்பியைச் சரிசெய்யப் போய் வேலையைத் தொலைக்காதீர்கள்

ஃபைல்களின் ஒவ்வொரு பதிப்பையும் சர்வரில் சேமித்து வைக்கும் சப்வெர்ஷனில், சர்வரின் புது மாற்றங்களை உங்கள் கணினிக்கு இழுக்கும் அப்டேட் பாதியில் அறுந்துபோய், அதற்கப்புறம் என்ன கட்டளை கொடுத்தாலும் 'லாக் ஆகியிருக்கிறது' என்றே வந்து நிற்கும்போது, பலர் எரிச்சலில் முழு ஃபோல்டரையும் (வொர்க்கிங் காப்பி என்பது இதுதான், நீங்கள் வேலை செய்யும் நகல்) அழித்துவிட்டு சர்வரிலிருந்து புதிதாக செக்-அவுட், அதாவது புது நகல், எடுக்கிறார்கள். கமிட் ஆனதெல்லாம், அதாவது நீங்கள் ஏற்கெனவே அனுப்பிச் சேர்த்ததெல்லாம், சர்வரில் இருக்கிறது, சரி. கமிட் ஆகாத உங்கள் வேலை அந்த ஒரு ஃபோல்டரைத் தவிர வேறெங்கும் இல்லை. அதனால் எதையும் தொடும் முன் அந்த ஃபோல்டரை, உள்ளே ஒளிந்திருக்கும் டாட் எஸ்விஎன் (.svn, சப்வெர்ஷன் தன் குறிப்புகளை வைக்கும் ஃபோல்டர்) உட்பட, அப்படியே வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

லாக் வந்தாலே காப்பி கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. செய்ய வேண்டிய வேலைகளை சப்வெர்ஷன் ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடிக்கும். நடுவில் நின்றால் வரிசையும் லாக்கும் மிச்சமாகக் கிடக்கும். கிளீனப் என்ற கட்டளை அந்த மிச்சத்தை முடித்து லாக்கை எடுத்துவிடும், நீங்கள் திருத்திய வரிகளைத் தொடாது. ஆனால் விண்டோஸில் சப்வெர்ஷனைப் பயன்படுத்த உதவும் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் காட்டும் கிளீனப் சன்னலில் 'அன்வெர்ஷன்டு ஃபைல்களை அழி', 'எல்லா மாற்றங்களையும் ரிவர்ட் செய்' (திருத்தும் முன் இருந்தபடி ஆக்கு) என்று கூடவே சில டிக் பெட்டிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் டிக் அடித்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைத்து அடித்தால் இன்னும் ஆட் செய்யாத, அதாவது சப்வெர்ஷன் கணக்கில் சேராத, புது ஃபைல்கள் உட்பட எல்லாம் போகும்.

பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: சப்-ஃபோல்டரில் இருக்கும் டாட் எஸ்விஎன்னை மட்டும் அழித்துவிட்டு அப்டேட் கொடு என்பது. 2011-இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து டாட் எஸ்விஎன் மேல்மட்ட ஃபோல்டரில் ஒன்றே ஒன்றுதான். அதை அழித்தால் அது வொர்க்கிங் காப்பியே இல்லை, வெறும் ஃபோல்டர். டேட்டாபேஸைத் திறந்து வேலை வரிசையைக் கையால் அழிப்பதும் இதே ரகம். செய்துதான் ஆக வேண்டுமென்றால் நகலில் செய்து பாருங்கள்.

எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே மோசமான தவறு, எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும்போது நடப்பது. உங்கள் பழைய காப்பி ரிவிஷன் (ஒவ்வொரு கமிட்டுக்கும் கிடைக்கும் வரிசை எண்) 120-இல் இருந்தது, சர்வர் இப்போது 150-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 135-இல் உங்கள் டீமில் ஒருவர் அதே ஃபைலில் ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறார். நீங்கள் புதிதாக 150-ஐ எடுத்து அதன் மேல் பழைய ஃபைலைப் போட்டால், அந்தத் திருத்தத்தை நீங்களே வேண்டுமென்று நீக்கியதாகத்தான் சப்வெர்ஷன் எடுத்துக்கொள்ளும். கான்ஃப்ளிக்ட் (இரண்டு பேர் மாற்றமும் ஒரே இடத்தில் மோதுகிறது என்ற எச்சரிக்கை) வராது, கமிட் சத்தமில்லாமல் போய்விடும், சில நாள் கழித்து 'சரிசெய்த பிழை எப்படித் திரும்பி வந்தது' என்று எல்லோரும் தேடுவார்கள். சரியான வழி: புது செக்-அவுட்டை 120-இலேயே எடுங்கள், பழைய காப்பியில் டாட் எஸ்விஎன் தவிர மற்றதை அதன் மேல் போடுங்கள், அப்புறம் அப்டேட் கொடுங்கள், அப்போதுதான் இரண்டு பக்க மாற்றங்களையும் இணைக்கும் மெர்ஜ் என்ற ஒன்று நடக்கும். பாதியில் நின்ற அப்டேட் என்றால் சில ஃபைல் 120-லும் சில 150-லும் இருக்கலாம், எஸ்விஎன்வெர்ஷன் கட்டளை '120:150' என்று காட்டும். சிறிய எண்ணையே எடுங்கள். ஒரே மாற்றம் இரண்டு பக்கமும் இருந்தால் அதிகபட்சம் ஒரு கான்ஃப்ளிக்ட் வரும், யாருடைய வேலையும் காணாமல் போகாது.

டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) எடுத்து, பிறகு திரும்பப் போடக்கூடிய பேட்ச்சாக வைத்துக்கொண்டால் போதாதா என்றால், டெக்ஸ்ட் ஃபைல்களுக்குப் போதும். ஆட் செய்யாத ஃபைல்களும் படம் மாதிரியான பைனரி மாற்றங்களும் அதில் வராது. அதை மறந்துவிட்டு கமாண்ட் லைனில் ரிவர்ட் கொடுத்தால் பைனரி மாற்றங்கள் போனது போனதுதான், ரீசைக்கிள் பின்னில்கூட இருக்காது.

கான்ஃப்ளிக்ட் வந்த இடத்தில் 'மைன்-ஃபுல்' (முழு ஃபைலும் என்னுடையதே இருக்கட்டும்) கொடுப்பதும் ஆபத்து. மோதாத இடங்களில் மற்றவர் செய்த மாற்றங்களும் சேர்ந்து அடிபடும். மோதிய பகுதிக்கு மட்டும் உங்களுடையது வேண்டுமென்றால் 'மைன்-கான்ஃப்ளிக்ட்' இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் கமிட்டுக்கு முன் டிஃப்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், நீங்கள் தொடாத வரி அதில் சிவப்பாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் எடுத்து வைத்த நகலை, கமிட் போய்ச் சேர்ந்து பில்டும் ஓடிய பிறகு அழித்தால் போதும்.