பையனுக்கு ஜெயிலைக் காட்டலாமா என்று கேட்டால்

"ஒரு நாள் ஜெயிலைக் காட்டினா திருந்திடுவான்" என்று யாராவது சம்மதப் படிவத்தை நீட்டினால், உடனே கையெழுத்துப் போடாதீர்கள். நியூஜெர்சியில் விடலைப் பிள்ளைகளோடு வேலை பார்க்கிறவன் நான். இந்த யோசனை பிரபலமானதே எங்கள் ராவே சிறையிலிருந்துதான். அங்கே ஆயுள் கைதிகள் பையன்களை உட்காரவைத்து மிரட்டினார்கள். 1978-இல் அதைப் பற்றி ஆவணப்படம் வந்து ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் ஃபின்கனவர் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, போய்வந்தவர்களில் சுமார் 41 சதவீதம் பேர் மறுபடி குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். போகாதவர்களில் 11 சதவீதம்தான்.

அதனால் முதலில் கேளுங்கள்: கைதிகள் பேசுவார்களா, கத்துவார்களா? உள்ளே பூட்டிவைப்பார்களா? கத்துவார்கள், பூட்டுவார்கள் என்றால் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள். நீதிமன்றம் சொன்னதென்றால் மட்டும் முதலில் வக்கீலிடம் பேசுங்கள்.

அதற்குப் பதில், வீட்டார் எல்லோரும் சேர்ந்து உட்காரும் குடும்ப ஆலோசனையைக் கேட்டு வாங்குங்கள். அப்பாவும் வரணும், சாக்கு கூடாது.

ஏற்கெனவே போய்வந்துவிட்டானா? அன்றிரவு உபதேசம் வேண்டாம். சோறு போட்டுவிட்டு, "அங்கே யாரைப் பிடிச்சுது?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவன், ரொம்பக் கத்திய கைதியைப் போலவே மார்பை நிமிர்த்தி நடந்து காட்டினான்.