மருந்தின் பெயரைக் கேட்காமல் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்

மழைக்காலம் முடிந்த கையோடு, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கரப்பான் மருந்து அடிக்க ஒருவர் வந்தார். கையில் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். உள்ளே மோர் நிறத்தில் திரவம். லேபிள் கிடையாது. "என்ன மருந்து தம்பி இது?" என்று அம்மா கேட்டார். "நல்ல ஸ்ட்ராங்கான மருந்து அம்மா, ஆறு மாதத்துக்கு ஒன்றும் வராது" என்றார் அவர். அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை. போனில் பேசும்போதே "எவ்வளவு ஆகும்?" என்பதோடு விட்டுவிட்டவர்கள்தானே.

அன்று இரவு என் மகளுக்கு இருமல் நிற்கவில்லை. அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "வீட்டில் என்ன மருந்து அடித்தார்கள்?" எங்களிடம் பதில் இல்லை. குழந்தை இரண்டு நாளில் தேறிவிட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்றது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, ஆளைக் கூப்பிடும்போதே மருந்தின் பெயரைக் கேளுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின்படி, தொழிலாக மருந்து அடிப்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்வதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. மருந்து அதன் சொந்தப் பாட்டிலில் வர வேண்டும், உங்கள் கண்ணெதிரில் கலக்க வேண்டும். லேபிளில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். அதில் சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை என்று வீரியம் குறையும். அந்த லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது நேர்ந்தால் 108ஐ அழைக்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்தப் படம்தான்.

எலி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே, எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். குடும்பம் ஏசி அறையில் கதவை மூடித் தூங்கிய இரவு அது. தானியக் கிடங்குகளில் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் வீட்டு எலிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் வைக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். அந்த நஞ்சை முறிக்க மருந்து கிடையாது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் அந்த மாத்திரை வரவே கூடாது. "மாத்திரை வைத்துவிட்டுப் போகிறேன், கதவைச் சாத்திவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டும் அப்படித்தான். தமிழக அரசு தடை செய்த பொருள் அது. உடலுக்குள் போனால் முதல் ஒன்றிரண்டு நாள் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், பிறகு கல்லீரலைக் கெடுக்கும்.

எங்கள் பக்கத்தில் எலி எங்கிருந்து வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். கால்வாயும் மூடியில்லாத மழைநீர் வடிகாலும் பக்கத்திலேயே இருக்கின்றன. சிங்க் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடத்தில், குழாயைச் சுற்றி ஓர் அங்குலம் சும்மா விட்டிருப்பார்கள். அது போதும் எலிக்கு. உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டில் கலந்து அந்த இடத்தை அடைப்பது பழைய வழி, ஆனால் நல்ல வழி. அடைக்காமல் விஷம் வைத்தால் ஒரு எலி செத்து நாறும், அடுத்தது உள்ளே வரும்.

கரப்பானில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. விரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக இருப்பது சாக்கடை வழியாக வருவது. குளியலறை ஜல்லடையைச் சரிசெய்தாலே பாதி குறைந்துவிடும். கழுத்தில் இரண்டு கருங்கோடு ஓடும் சின்னக் கரப்பான், அடுப்பு மேடைக்கடியிலும் ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பக்கத்திலும் குடித்தனம் செய்வது. இதற்கு ஜெல் நன்றாக வேலை செய்யும். கடுகு அளவுக்குக் கதவுக் கீலிலும் இடுக்கிலும் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். தின்ற கரப்பான் மறைவிடத்துக்குத் திரும்பிச் சாகும், அதைத் தின்ற மற்றவையும் சாகும். எங்கள் வீட்டில் இரண்டாவது முறை ஜெல் வைத்த மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா வழக்கம்போல் அலமாரி முழுவதையும் ஃபினாயில் போட்டுத் துடைத்துவிட்டார். கூடவே நானும் ஸ்பிரே அடித்தேன். ஸ்பிரே நெடி பட்ட இடத்துக்குக் கரப்பான் வராது. வராவிட்டால் ஜெல்லை எப்படித் தின்னும்? கொடுத்த பணம் துணியோடு போனது. இன்னொன்று, ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 குஞ்சுகள் இருக்கும், மருந்து அந்தக் கூட்டுக்குள் இறங்காது. மூன்று, நான்கு வாரம் கழித்து மறுபடி வருவீர்களா என்று முதலிலேயே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் வரிசைகள் அதிகம். அங்கே ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்து அடித்தால் பூச்சி அடுத்த வீட்டில் விருந்தாடிவிட்டுப் பத்து நாளில் திரும்பும். மூட்டைப்பூச்சிக்கு இது இன்னும் பொருந்தும். மண்ணெண்ணெய் ஊற்றினால் அது கட்டிலைவிட்டுச் சுவர் விரிசலுக்குள் போய்விடும், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. போர்வை, தலையணை உறைகளைக் கொதிக்கும் நீரில் போட்டெடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். அவர்கள் வீட்டிலும் இருக்கும். சேர்ந்து ஆளைக் கூப்பிட்டால் செலவும் குறையும்.

கரையான் ஏறிய நிலைக்கதவில் மண் தடத்தைத் தட்டிவிட்டு பெயிண்ட் அடிப்பது வீண் வேலை. புற்று தரைக்கடியில் இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுமார் ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும். மேலோட்டமாகத் தெளித்துவிட்டு ஐந்து வருட உத்தரவாதம் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

கொசுவுக்கு ஆள் தேவையே இல்லை. தண்ணீர் வராத நாளுக்காகப் பிடித்து வைக்கும் டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தெருவில் தேங்கும் சாக்கடைக்குச் சென்னை மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து, புகார் எண்ணை வாங்கிக் காலண்டரில் குறித்து வையுங்கள். எங்கள் தெருவில் மூன்றாவது போனுக்குத்தான் ஆள் வந்தார்கள், ஆனால் வந்தார்கள்.