குலசை தசராவைக் காணச் செல்வோருக்கு

திருச்செந்தூரில் தங்கி, அங்கிருந்து தெற்கே குலசை எனப்படும் குலசேகரன்பட்டினம் வரையுள்ள கடற்கரையையும் அவ்வூரின் தசராத் திருவிழாவையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள், அறை எடுப்பதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட வேண்டும். புரட்டாசி மாதத்தின் மகாளய அமாவாசைக்கு மறுநாள் முத்தாரம்மன் கோயிலில் கொடி ஏறுகிறது. விஜயதசமி நள்ளிரவில் சிதம்பரேஸ்வரர் கோயில் முன்புள்ள கடற்கரையில் சூரசம்ஹாரம் நடைபெறுகிறது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அந்த ஓர் இரவை மட்டும் கணக்கில் வைத்து வருகிறார்கள். மகிஷாசுரன் தன் முகம், சிங்க முகம், எருமை முகம் என மாறி மாறி வந்து அம்மனிடம் வீழ்வது காணத்தக்க காட்சியே. ஆனால் லட்சக்கணக்கானோர் கூடும் அன்று வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நெடுந்தூரம் நடக்க நேரும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு அது உகந்ததன்று. தசராவின் உயிர் பக்தர்கள் புனையும் வேடத்தில் இருக்கிறது என்பதால், ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை வருவதையே நான் பரிந்துரைப்பேன்.

நோய் தீரவும் குடும்பத் துயர் நீங்கவும் நேர்ந்துகொண்டவர்கள் மாலை அணிந்து, அவரவர் நேர்ச்சைப்படி 21, 41 அல்லது 48 நாட்கள் விரதம் இருக்கிறார்கள். கொடியேறிய பிறகு கோயிலில் காப்பு வாங்கிக் கட்டிக்கொண்டு குறவன், குறத்தி, ராஜா, குரங்கு, கரடி, காவலர் எனப் பல வேடங்கள் புனைகிறார்கள். காளி வேடத்துக்கு விரதம் மிகக் கடுமையானது. சடைமுடி, வீரப்பல், முதுகில் கட்டிய கூடுதல் கைகள் ஆகியவற்றின் சுமையோடு, அரிதாரம் வியர்வையில் வழிய வழிய, ஒருவர் நண்பகல் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்குவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது கேளிக்கை அல்ல என்பது விளங்கிவிடும். அவர்கள் பெறும் காணிக்கை கோயில் உண்டியலில் சேர்கிறது. ஆகவே சில்லறை மாற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். காளி வேடமிட்டவரின் தோளில் கைபோட்டுச் செல்ஃபி எடுக்க முயலாதீர்கள். தசரா குழுக்கள் மேளதாளத்துடன் ஊர் ஊராகச் செல்வதால், உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் கடைவீதிகளிலேயே நெரிசலின்றி அவற்றைக் காணலாம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பேருந்துகள் அடிக்கடி உண்டு என்றாலும், முடிந்தவர்கள் ரயிலில் செல்வது நல்லது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாகத் தாமிரபரணி பாயும் வயல்களையும் வாழைத்தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். திருச்செந்தூரில் கடலில் நீராடிய பின் நாழிக்கிணற்றில் நீராடுவது முறை. கடலை ஒட்டியிருந்தும் அதன் நீர் உப்புக் கரிப்பதில்லை. சந்நிதிக்குள் ஆண்கள் மேற்சட்டை இன்றியே செல்ல வேண்டும். பன்னீர் இலையில் தரும் திருநீற்றை இலையோடு பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு வருபவர்கள் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துக் குடையோடு வர வேண்டும். தசராவுக்கு வருபவர்களை வாட்டுவது பெரும்பாலும் வெயில்தான் என்பதால் பருத்தி உடையும் குடிநீரும் அவசியம்.

குலசைக்குத் தெற்கே சிறிது தொலைவில் மணப்பாடு இருக்கிறது. கடலுக்குள் நீண்டிருக்கும் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயமும், அதன் அருகே புனித சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகையும் உள்ளன. ஆலயத் திருவிழாவின் முதன்மை நாள் செப்டம்பர் 14. மற்ற நாட்களில் கூட்டம் குறைவு. மாலை வெயில் தாழ்ந்த பிறகு மேட்டில் ஏறினால் கடற்கரை முழுவதையும் பார்க்கலாம். பனையோலைப் பெட்டிகள் வாங்க விரும்புவோர் இவ்வூரிலேயே விசாரிக்கலாம். திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்குபவர்கள், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது என்பதை நினைவில் வைத்து, விலை மலிவாகக் கிடைக்கும் சர்க்கரை கலந்த சரக்கைத் தவிர்த்துவிட வேண்டும்.