வெளியிடப் போர்ட்ரெய்ட்டுக்குக் குடையா, சாஃப்ட்பாக்ஸா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஸ்பீட்லைட் (கேமரா மேல் மாட்டும் சின்ன ஃபிளாஷ்), அதைத் தள்ளி வைத்து எரியவைக்க ஒரு ட்ரிகர், ஒரு ஸ்டாண்ட் வாங்கியாயிற்று. அடுத்து அந்த ஃபிளாஷுக்கு முன்னால் எதை மாட்டுவது, ஒளியைப் பரப்பும் வெள்ளைத் துணிக் குடையையா, முன்பக்கம் துணி போட்ட பெட்டியான சாஃப்ட்பாக்ஸையா? கடையில் கேட்டால் பெரிய சாஃப்ட்பாக்ஸைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஸ்டுடியோவுக்கு அது அருமையான பொருள். ஆனால் பைக்கில் கிளம்பி கிருஷ்ணகிரி அணையிலோ ஒகேனக்கல் பாறையிலோ இறங்கிப் படம் எடுப்பவருக்கு முதலில் வேண்டியது அதுவல்ல. எங்கே நிற்கப் போகிறோம், அங்கே காற்று எப்படி, பிடித்துக்கொள்ள ஆள் உண்டா என்று பார்த்துத்தான் மாடிஃபையரை, அதாவது ஒளியை மாற்றித் தரும் இந்தப் பொருட்களை, தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான வரிசையைக் கீழே சொல்கிறேன்.

படி 1: காசு செலவழிக்காமல் ஒரு சோதனை

மதிய வெயிலில் வீட்டு வாசலில் ஒருவரை நிறுத்துங்கள். மூக்குக்குக் கீழே, கண் குழியில் எல்லாம் வெட்டினாற்போல் கறுப்பு நிழல் விழும். இப்போது இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அவர் தலைக்கு மேலே வெயிலை மறைத்துப் பிடிக்கட்டும். நிழலின் ஓரம் கரைந்துவிடும்.

சூரியன் எவ்வளவு பெரியதானாலும் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான், அதனால்தான் அதன் நிழல் கூர்மையாக விழுகிறது. வேட்டியைப் பிடித்ததும் முகத்துக்கு ஒளி தருவது பக்கத்தில் இருக்கும் பெரிய துணியாகிவிடுகிறது. முகத்திலிருந்து பார்த்தால் ஒளி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவு மென்மை. எல்லா மாடிஃபையரும் செய்வது இதைத்தான்.

ஆகவே அளவோடு தூரத்தையும் சேர்த்தே யோசியுங்கள். 1 மீட்டர் குடையை 4 மீட்டர் தள்ளி வைத்தால் அது சின்ன விளக்கு மாதிரிதான் வேலை செய்யும். குடையின் அகலம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தில் வைப்பது நல்ல தொடக்கம். தூரம் இரு மடங்கானால் ஒளி கால் பங்காகிவிடும் என்பதால், பக்கத்தில் வைத்தால் பேட்டரியும் மிச்சமாகும்.

படி 2: முதலில் நிழல் தேடுங்கள்

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் அப்பெர்ச்சர் எஃப்/16 அளவில் இருக்கும். பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் ஷட்டர் 1/200 அல்லது 1/250 வரைதான். அப்படியானால் எஃப்/11 இல்தான் எடுக்க முடியும். பின்னணி மங்காது. குடையும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியைத் தின்றுவிடும் என்பதால் சின்ன ஃபிளாஷ் முழு பலத்தில் எரிந்து திணறும். ஹை ஸ்பீட் சிங்க் (இன்னும் வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை எரியவிடும் வசதி) போட்டால் பின்னணியை மங்கவைக்கும் எஃப்/4 கிடைக்கும், ஆனால் ஃபிளாஷின் பலம் இன்னும் குறையும். லென்ஸுக்கு முன்னால் மாட்டி ஒளியைக் குறைக்கும் 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் இன்னொரு வழி.

இதற்கெல்லாம் பதிலாக ஒரு புளிய மரத்தடிக்கு நகர்ந்துவிடுங்கள். அங்கே ஐஎஸ்ஓ 200, எஃப்/4, 1/200 வைத்து, ஃபிளாஷை 1/16 பலத்தில் தொடங்கலாம். பேட்டரி மாலை வரை தாங்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் நிழல் என்றால் மாந்தோப்புதான். அழகான இடம், ஆனால் இரண்டு சிக்கல் உண்டு. இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாகப் படியும். சுற்றிலும் பச்சை என்பதால் தோலிலும் பச்சைச் சாயல் ஏறும், கன்னத்துக்கு அடியிலும் கழுத்திலும் அதிகம் தெரியும். திட்டுகளை மறைக்கத் தலைக்கு மேல் டிஃப்யூசர் துணி (ஒளியை மென்மையாக்கும் மெல்லிய வெள்ளைத் துணி) பிடியுங்கள். பச்சையைக் குறைக்க, முகத்தில் படும் முக்கிய ஒளி உங்கள் ஃபிளாஷாக இருக்கட்டும். நெஞ்சளவில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டரைப் படுக்கை வாட்டில் பிடித்தால் கீழேயிருந்து வரும் பச்சையும் அடங்கும்.

படி 3: எது எதற்கு ஆகும்

ஐந்து வகைத் துணி ஒன்றாக வரும் மடக்கு ரிஃப்ளெக்டர்தான் என் முதல் பரிந்துரை. 110 செ.மீ. அளவு வாங்குங்கள். மடித்தால் பைக்குள் போய்விடும். உள்ளே இருக்கும் டிஃப்யூசர் துணி நீங்கள் வேட்டியால் செய்த வேலையைச் செய்யும். உடனே வாங்க முடியாவிட்டால் தெர்மாகோல் பலகையே வெள்ளை ரிஃப்ளெக்டர்தான், கல்யாணப் போட்டோகிராஃபர்கள் பல காலமாகப் பயன்படுத்துவது அது.

அடுத்தது வெள்ளைக் குடை, 43 அங்குலம். விரிக்க நொடிகள் போதும், ஒளி முகத்தைச் சுற்றிப் பரவும். குறை என்னவென்றால், ஒளி நான்கு பக்கமும் சிதறும். வெட்டவெளியில் அது வீண். சுவர் பக்கத்தில் இருக்கும் திண்ணையில் அதுவே வரம், சிதறியது திரும்பி வந்து நிழலை நிரப்பும்.

மூன்றாவது, குடை மாதிரி விரியும் எண்கோண சாஃப்ட்பாக்ஸான ஆக்டாபாக்ஸ், 60 முதல் 80 செ.மீ. வரை. ஒளி சிதறாமல் முன்பக்கம் மட்டும் போகும். ஒளி பக்கவாட்டில் பரவாமல் தடுக்கும் கட்டம் போட்ட துணியான கிரிட் மாட்டினால் பின்னணியில் படாமல் முகத்தில் மட்டும் விழவைக்கலாம். மாலையில் வானத்தைக் கொஞ்சம் இருட்டாக வைத்து முகத்தை எடுத்துக்காட்ட இதைவிட நல்லது இல்லை. வாங்கும்போது போவன்ஸ் மவுண்ட் (பல லைட்டுகளுக்கும் பொதுவான மாட்டும் வளையம்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பீட்லைட்டைப் பிடிக்கும் எஸ் வகைப் பிராக்கெட் இருந்தால் போதும், பின்னாளில் பெரிய லைட் வாங்கினாலும் அதே பெட்டி பொருந்தும்.

தட்டு வடிவ உலோக ரிஃப்ளெக்டரான பியூட்டி டிஷ் இப்போதைக்கு வேண்டாம். ஃபிளாஷ் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் மூடியும் வெளியிடத்துக்கு உதவாது. அறைக்குள் அது ஒளியைச் சுவரிலும் கூரையிலும் தெறிக்கவிட்டுத்தான் மென்மை தருகிறது. திறந்த வெளியில் தெறிக்கச் சுவர் ஏது?

படி 4: காற்றை மதியுங்கள்

அணைக் கரை, ராயக்கோட்டை மலை, தீர்த்தமலை போன்ற இடங்களில் காற்று திடீரென்று வரும். ஸ்டாண்டில் நிற்கும் குடை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி, ஸ்டாண்டு, ஃபிளாஷ் எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்க்கும். காலியான மணல் பை ஒன்றை எடுத்துப் போய், அங்கேயே நிரப்பி, ஸ்டாண்டின் காலில் போடுங்கள். ஸ்டாண்டைத் தேவைக்கு மேல் உயர்த்தாதீர்கள். காற்று பலமாக இருந்தால் குடையை மடித்துவிட்டு 60 செ.மீ. ஆக்டாபாக்ஸை மோனோபாடில் (ஒற்றைக் கால் கம்பி) மாட்டி ஒருவர் கையில் கொடுங்கள். "அண்ணா, இத அவங்க முகத்துப் பக்கமா கொஞ்சம் சாச்சுப் பிடிங்க" என்றால் கூட வந்த யாரும் பிடிப்பார்கள். நன்றாகப் பிடிக்கும் ஓர் ஆள் எந்த ஸ்டாண்டைவிடவும் மேல்.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மலைக்கோட்டைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே ஸ்டாண்ட் விரிப்பதற்கு முன் அனுமதி கேட்டுவிடுங்கள்.

ஒகேனக்கல்லில் காற்றோடு சாரலும் சேரும். ஃபிளாஷை ஒரு கண்ணாடிப் பாலித்தீன் பையில் சுற்றி, அருவியிலிருந்து தள்ளி நில்லுங்கள். பரிசலில் வைத்து எடுப்பதானால் ரிஃப்ளெக்டர் மட்டும் போதும். ஆடும் பரிசலில் ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம்.

படி 5: நம் தோலுக்கு ஏற்ற துணி

இதைப் பலரும் சொல்வதில்லை. மாநிறமும் கறுப்புமான தோல் ஒளியை வாங்கி மின்னும் விதமே அழகு. பெரிய வெள்ளைத் துணியிலிருந்து வரும் ஒளி அந்த மினுமினுப்பை அகலமாக, மெதுவாகப் படரவிடும். வெயிலில் ரிஃப்ளெக்டரின் சில்வர் பக்கத்தைத் திருப்பினால் வியர்வை, எண்ணெய் இருக்கும் இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும், கண்ணும் கூசும். கோல்டு பக்கம் தோலை மஞ்சளாக்கிவிடும். முகத்துக்கு வெள்ளை, பின்னாலிருந்து முடிக்கு விளிம்பொளி கொடுக்க மட்டும் சில்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லைட்டை நேர் எதிரே வைக்காமல் 45 டிகிரி பக்கவாட்டில், கண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள். கறுப்புத் தோலைப் பளிச்சென்று காட்ட வேண்டும் என்று ஃபிளாஷைக் கூட்டவே கூட்டாதீர்கள். நேரில் பார்க்கும் நிறம் படத்திலும் இருக்க வேண்டும், அது அவர் முகம்.

படி 6: இடத்தில் வேலை செய்யும் வரிசை

முதலில் ஃபிளாஷை அணைத்துப் பின்னணிக்கு மட்டும் எக்ஸ்போஷர் வையுங்கள், வழக்கத்தைவிட ஒரு ஸ்டாப் குறைவாக. அப்புறம் ஃபிளாஷைப் போட்டு முகத்துக்கு ஏற்றபடி பலத்தைக் கூட்டிக் குறையுங்கள். திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியின் மேல் ஓரத்தில் குடையின் வெள்ளை வட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் லைட் அதிக உயரத்தில் இருக்கிறது, ஒரு சாண் இறக்குங்கள். வட்டம் மிகச் சின்னதாகத் தெரிந்தால் லைட் தூரத்தில் இருக்கிறது. ஃபிரேமின் ஓரத்தில் குடை எட்டிப் பார்க்கும் வரை கிட்டே கொண்டுவந்து, அங்கிருந்து கொஞ்சம் பின்னால் நகர்த்தி, எடுக்கத் தொடங்குங்கள்.