சரக்கு லாரியிலா, கப்பலிலா? கார்பன் கணக்கைப் பிசகில்லாமல் போடும் முறை

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த பெரிய கன்டெய்னர் கப்பல் 10 கிராம் அளவில் கரியமிலவாயு விடுகிறது. நெடுந்தூரக் கனரக லாரி 60 முதல் 100 கிராம் வரை விடும். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு "கப்பலே மேல்" என்று அறிக்கை எழுதுபவர்கள் அநேகம் பேர். எண்களில் தப்பில்லை. ஆனால் சரக்கு துறைமுகத்தில் பிறந்து துறைமுகத்திலேயே முடிவதில்லை. கிடங்கு வாசலிலிருந்து கிடங்கு வாசல் வரை கணக்குப் போட்டால்தான் எது மேல் என்று சொல்ல முடியும்.

முதலில் எடை. லாரிக்கும் கப்பலுக்கும் ஒரே எடையை எடுங்கள். கப்பலில் ஏற்றுமுன் கொடுக்கும் சான்றளித்த மொத்த எடையில் கன்டெய்னரின் எடையும் சேர்ந்திருக்கும். 40 அடிப் பெட்டி என்றால் அதுவே ஏறக்குறைய 3.8 டன். கப்பலுக்கு அந்த எடையையும் லாரிக்கு இன்வாய்ஸில் உள்ள நிகர எடையையும் போட்டால், முதல் வரியிலேயே கணக்கு கோணலாகிவிடும்.

அடுத்தது எல்லை, அதாவது கணக்கை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமிலவாயு வரும். எண்ணெய் எடுத்தது, சுத்திகரித்தது, கொண்டுவந்தது எல்லாம் சேர்த்தால் சுமார் 3.2 கிலோ. கப்பலின் கனரக எண்ணெய்க்கு எரிப்பு மட்டும் டன்னுக்கு 3.114 டன், உற்பத்தியையும் சேர்த்தால் இது இன்னும் ஏறும். லாரிக்கு முழுக் கணக்கு, கப்பலுக்கு எரிப்புக் கணக்கு என்று கலப்பதுதான் அடிக்கடி கண்ணில் படும் தவறு. போக்குவரத்தின் புகைக் கணக்குக்காக 2023-இல் வந்த சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14083 இரண்டுக்கும் உற்பத்தியைச் சேர்த்தே கணக்கிடச் சொல்கிறது. திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும் கப்பலானால் இன்னும் கவனம் தேவை. எரிப்புக் கணக்கு டன்னுக்கு 2.75 என்று அழகாகத் தெரியும். ஆனால் எஞ்சினில் எரியாமல் நழுவும் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப் போலக் கிட்டத்தட்ட 30 மடங்கு சூடாக்கும். அதைச் சேர்க்காத எண்ணை ஏற்காதீர்கள்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. 40 அடிப் பெட்டியில் 20 டன் சரக்கு. நேர்ச்சாலையில் 1,400 கி.மீ. கடல்வழி 900 கடல் மைல், இரு முனையிலும் துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே சேர்த்து 200 கி.மீ.

லாரி: சுமையோடு 100 கி.மீ.க்கு 33 லிட்டர் என்றால் 462 லிட்டர். திரும்புகையில் 30 சதவீதத் தூரம் காலியாக ஓடுகிறது என்று கொள்வோம். 420 கி.மீ., 100 கி.மீ.க்கு 24 லிட்டர், ஆக 101 லிட்டர். மொத்தம் 563 லிட்டரை 3.2-ஆல் பெருக்கினால் 1,801 கிலோ.

கப்பல்: 900 கடல் மைலை 1.852-ஆல் பெருக்கினால் 1,667 கி.மீ. கப்பல் அட்டவணைத் தூரத்தில் ஓடுவதில்லை; வானிலைக்கு விலகும், இடையில் வேறு துறைமுகம் தொடும். அதற்காக 15 சதவீதம் கூட்டுவது கன்டெய்னர் துறையில் வழக்கம். அப்போது 1,917 கி.மீ. பெரிய துறைமுகங்களுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறிய ஃபீடர் கப்பலுக்கு, எண்ணெய் உற்பத்தியும் சேர்த்து டன்-கிலோமீட்டருக்கு 25 கிராம் என்று எடுத்தால் 958 கிலோ. கரையோர லாரி 200 கி.மீ. பெட்டியோடும் 200 கி.மீ. காலியாகவும் ஓடும். 66 லிட்டரும் 48 லிட்டரும் சேர்ந்து 114 லிட்டர், அதாவது 365 கிலோ. கூட்டினால் 1,323 கிலோ.

கப்பலால் மிச்சமாவது 27 சதவீதம்தான். "ஆறு மடங்கு, பத்து மடங்கு" என்ற பேச்சு எங்கே போயிற்று என்று பாருங்கள். அதே பாதையில் 10 கிராம் விடும் பெரிய கப்பல் கிடைத்தால் மொத்தம் 748 கிலோவாக இறங்கும். அதில் பாதி கரையோர லாரியின் புகை! ஃபீடர் கணக்கில் துறைமுகத் தூரம் கிலோமீட்டருக்கு 1.8 கிலோ கூட்டுகிறது. 200 கி.மீ. ஏறக்குறைய 460 ஆனால் லாரியும் கப்பலும் சமம். கடல்வழி தீபகற்பத்தைச் சுற்றி 2,000 கடல் மைலாகிவிட்டால் ஃபீடர் மட்டுமே 2,130 கிலோவைத் தொடும். அங்கே நேர்ச்சாலைதான் மேல். ஆகவே பேரம் பேச வேண்டிய முதல் இடம் துறைமுக லாரி. இறக்குமதிப் பெட்டியைக் காலி செய்த கிடங்கிலேயே ஏற்றுமதிச் சரக்கை நிரப்பினால், அந்தக் காலி ஓட்டத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இலேசான சரக்குக்கு டன் கணக்கு உதவாது. 40 அடிப் பெட்டி நிறைய ஃபோம், எடை 6 டன்தான் என்று வையுங்கள். கப்பலில் அது இரண்டு இருபதடி இடத்தை அடைத்துக்கொள்கிறது. இருபதடிக்குச் சராசரி 10 டன் என்பது துறையில் புழங்கும் எண். எனவே 6 அல்ல, 20 டன்னாகக் கொள்ள வேண்டும். லாரிக்கும் இப்படித்தான்: முழு வண்டியும் உங்களுடையது என்றால் டன்னை விட்டுவிட்டு லிட்டரை எண்ணுங்கள். இடைத் துறைமுகத்தில் கப்பல் மாறினால் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வரி போடுங்கள். லாரியையே ஏற்றிச் செல்லும் ஃபெர்ரிக்குக் கன்டெய்னர் கப்பலின் எண்ணைப் போடக் கூடாது. வண்டியின் எடையும் பயணிகள் தளமும் அதில் ஏறுவதால் டன் கணக்கில் அது பல மடங்கு கூடுதல்.

கப்பலின் எண்ணைக் கேட்கும்போது வேகத்தையும் கேளுங்கள். மணிக்கு எரியும் எண்ணெய் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. அதே தூரத்துக்கு என்றால் இருமடி. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் எண்ணெய் 36 சதவீதம் அளவுக்குக் குறையும். அவசரம் இல்லாத சரக்குக்கு மெதுவான சேவையைத் தேர்ந்தெடுப்பதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் தாமதத்துக்குப் பயந்து கடைசியில் ஒரு பெட்டியை விமானத்தில் அனுப்பினால், வருஷம் முழுக்கச் சேர்த்தது ஒரே நாளில் கரையும்.

கந்தகத்துக்குத் தனிப் பத்தி போடுங்கள், கார்பனோடு கலக்காதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.50 சதவீதத்துக்கு மேல் கூடாது, முன்பு 3.50. கட்டுப்பாட்டுக் கடல் பகுதிகளில் 0.10. கடுமையான தரம் உள்ள நாடுகளில் லாரி டீசலுக்கு 0.001. ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ கந்தக டை ஆக்சைடு. நம் மாதிரியில் ஃபீடர் நம் சரக்குக்காக எரிப்பது சுமார் 255 கிலோ எண்ணெய். உச்ச வரம்பில் அது இரண்டரைக் கிலோ கந்தக டை ஆக்சைடு. 563 லிட்டர் டீசல் எரித்த லாரி விடுவது பத்து கிராமுக்குள். கார்பனில் ஜெயித்த கப்பல் இங்கே 250 மடங்கு தோற்கிறது. புகையைக் கடல்நீரால் கழுவும் ஸ்க்ரப்பர் இருந்தால் அதிக கந்தக எண்ணெயே எரியலாம். திறந்த வகையானால் கழுவிய நீர் கடலுக்கே போகும்.

ஆனால் இடமும் முக்கியம். நடுக்கடலில் கலையும் புகையும் குடியிருப்பு ஓரம் படியும் புகையும் ஒன்றல்ல. துறைமுகத்தில் கட்டி நிற்கும் கப்பலின் புகைதான் ஊருக்குள் வருகிறது. அதனால் அங்கே கரைமின்சாரம் (எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து எடுக்கும் மின்சாரம்) கிடைக்கிறதா, கப்பல் அதை எடுக்கிறதா என்று கேட்டு அதற்கும் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்திலேயே எந்த எடை, எந்தத் தூரம், எந்த எல்லை, எந்த ஆண்டின் காரணி (லிட்டருக்கு, டன்-கிலோமீட்டருக்கு இத்தனை என்ற எண்) என்ற நான்கும் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கணக்கை எடுப்பவர் வேறு எண்ணைப் போட்டு, நடக்காத குறைப்பை நடந்ததாகக் காட்டிவிடுவார்.