ரைட்டரில் தமிழும் ஆங்கிலமும்: எழுத்துருவை ஒரே இடத்தில் அமைக்க

தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்தில் சொல் சொல்லாகத் தேர்ந்தெடுத்து எழுத்துரு மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஆவணம் எழுத உதவும் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் மென்பொருள், தமிழை ஆங்கிலத்திலிருந்து பிரித்துக் ‘காம்ப்ளெக்ஸ்’ எழுத்து வகையில் தனியே வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழிகள் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுக்குத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் எஃப்11 அழுத்தி ஸ்டைல் (வடிவமைப்புத் தொகுப்பு) பட்டியலைத் திறந்து, டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைலைத் திருத்துங்கள். அங்கே தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் தனித்தனி எழுத்துரு, அளவு, மொழி கொடுக்கலாம்.

அளவில்தான் கவனம் வேண்டும். ஒரே எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் தமிழ் பெரிதாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு 12 என்றால் ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ எழுத்துருவுக்கு 11 வைத்துப் பாருங்கள், வரி எவ்வளவு சீராகிறது! தலைப்பு ஸ்டைல்களுக்குத் தனி எழுத்துரு இருக்கும், அவற்றையும் மாற்றிவிடுங்கள்.